கழற்றிப் பார்த்த பிறகு கேட்கும் கேள்வி

2022 நவம்பர் 11 இரவு சீர்காழியில் பெய்த மழையை இந்தப் பகுதி ஆசிரியர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஒரே நாளில் 44 சென்டிமீட்டர். சம்பா பயிர் நின்ற வயல்கள் கடலாயின. தெருவில் நிறுத்தியிருந்த இரு சக்கர வாகனங்கள் இருக்கை வரை மூழ்கின. தண்ணீர் வடிந்த பிறகு, வண்டிகளைத் தள்ளிக்கொண்டு போகிறவர்களின் வரிசையைத்தான் ஊரெங்கும் பார்க்க முடிந்தது. மெக்கானிக் கடைகளின் முன்னால் நாற்பது, ஐம்பது வண்டிகள் நின்றன.

என் வண்டியும் மூழ்கியது. தண்ணீர் வடிந்ததும் துணியால் துடைத்தேன். வெயிலில் ஒரு மணி நேரம் நிறுத்தினேன். ‘இதற்கெல்லாம் மெக்கானிக்கைத் தேடுவானேன்’ என்று செல்ஃப் பட்டனை அழுத்தினேன். ‘கடக்’ என்று ஒரே ஒரு சத்தம், அவ்வளவுதான். மறு வாரம் இன்ஜினைப் பிரித்த மெக்கானிக் வளைந்துபோன கனெக்டிங் ராடை என் கையில் கொடுத்தார். “தண்ணி போன இன்ஜினை ஏன் சார் தட்டினீங்க? எனக்கு ஒரு போன் அடிச்சிருக்கலாமே” என்றார். இயற்பியலும் சேர்த்து நடத்துகிற பட்டதாரி ஆசிரியர் நான். காற்றை அமுக்கலாம், நீரை அமுக்க முடியாது என்று எத்தனை ஆண்டுகளாக வகுப்பில் சொல்லி வருகிறேன்! சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது பிஸ்டன் மேலே ஏறினால் அந்தத் தண்ணீர் எங்கும் போகாது, பிஸ்டனைத் தாங்கும் தண்டுதான் வளையும். தெரிந்த பாடம்தான், செல்ஃப் பட்டனில் விரல் இருந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை.

அதே வாரத்தில் என் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் தன் தந்தையின் வண்டியைத் தானே ஓட வைத்தான். தந்தை திருமுல்லைவாசலில் மீன் எடுத்து, வண்டியின் பின்னால் பெட்டி கட்டி, ஊர் ஊராகப் போய் விற்பவர். படகுகள் மீண்டும் கடலுக்குப் போகிற நாளில் வண்டி தயாராக இல்லாவிட்டால் வீட்டில் வருமானம் இல்லை. கடையில் விட்டால் முறை வர பத்து நாளாகும். ஞாயிற்றுக்கிழமைகளில் மாமாவின் மெக்கானிக் கடையில் உட்கார்ந்து பார்த்துப் பழகியவன் அவன். தந்தையை அருகில் வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினான். பிளக்கைக் கழற்றினான். கிக்கரை மெதுவாக மிதித்து, பிளக் துளை வழியாகத் தண்ணீரை வெளியேற்றினான். கார்புரேட்டரின் அடித் திருகைத் தளர்த்தி, தேங்கியிருந்த கலங்கலை வடித்தான். ஏர் ஃபில்டரைக் கழற்றிக் காயவைத்தான். இன்ஜின் ஆயிலைத் திறந்து பார்த்தபோது அது பால் கலந்த டீ நிறத்தில் இருந்தது. அந்த இடத்தில் வேலையை நிறுத்திவிட்டு மாமாவுக்குப் போன் செய்தான்.

“மாமா, ஆயில் டீ மாதிரி இருக்கு. ஒரு தடவை மாத்தினா போதுமா?”

“மாத்திட்டு அஞ்சு நிமிஷம் ஓட விடு. திரும்பவும் நிறம் மாறினா இன்னொரு தடவை மாத்து. கஞ்சத்தனம் பண்ணாத.”

ஐம்பது வண்டிகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்த மாமாவுக்கு அந்தப் பதிலைச் சொல்ல அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. இதை அந்த மாணவன்தான் பிறகு எனக்குச் சொன்னான். கேட்டபோது எனக்குள் எழுந்த கேள்வியே இந்தக் கட்டுரைக்குக் காரணம். என் கணக்கு வகுப்பில் ஒரு முறைகூடக் கை தூக்காதவன் அவன். பக்கத்தில் இருப்பவன் நோட்டைப் பார்த்து எழுதுவான், இல்லையென்றால் வெறும் தாளைக் கொடுப்பான். எங்கே நிறுத்த வேண்டும், யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்று இன்ஜின் முன்னால் இவ்வளவு தெளிவாகத் தெரிந்த பையனுக்கு, கரும்பலகை முன்னால் என்ன ஆகிறது?

இதற்குப் பதில் தேடுவதற்கு முன், வண்டி பழுதுபார்க்கும் வேலையில் சிந்தனை எப்படி நகர்கிறது என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். ஓர் இன்ஜின் ஓட நான்கு வேண்டும்: பெட்ரோல், காற்று, தீப்பொறி, அமுக்கம். வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் இந்த நான்கில் ஒன்று இல்லை. பெட்ரோல் டேப் திறந்திருக்கிறதா, டேங்கில் பெட்ரோல் இருக்கிறதா என்பது முதல் பார்வை. பிறகு பிளக்கைக் கழற்றிப் பார்ப்பது. அதன் முனை ஒரு கடிதம் மாதிரி. நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, ஆனால் எரியவில்லை என்று பொருள். காய்ந்திருந்தால் பெட்ரோலே வரவில்லை. கரி படிந்து கறுத்திருந்தால் பெட்ரோல் அதிகம், அல்லது காற்று குறைவு, அல்லது ஆயில் எரிகிறது. வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு, இன்ஜின் அதிகம் சூடாகிறது. கழற்றிய பிளக்கை அதன் தொப்பியில் மாட்டி, பெட்ரோல் வாடை இல்லாத இடத்தில் இன்ஜின் உடம்பில் தொடவைத்துக் கிக்கரை மிதித்தால் நீலப் பொறி தெரிகிறதா என்று பார்க்கலாம். கிக்கர் எந்த எதிர்ப்பும் இல்லாமல் லூசாகப் போனால் அமுக்கம் இல்லை. அது ரிங், வால்வு சம்பந்தப்பட்டது, வீட்டு வாசலில் முடிகிற வேலை இல்லை.

இப்போது ஒருவர் மெக்கானிக்கிடம் சொல்லக்கூடிய மூன்று வாக்கியங்களை எடுத்துக்கொள்வோம். முதலாவது: “வண்டி ஓடலை, பாருங்க.” இரண்டாவது: “பிளக்குல ஏதோ பிரச்சினைன்னு நினைக்கிறேன்.” மூன்றாவது: “பொறி வருது, பிளக் நனைஞ்சிருக்கு, சோக் போட்டா ஒரு தடவை புடுங்குது, அப்புறம் நின்னுடுது.” மூன்றாவதைக் கேட்ட மெக்கானிக் எழுந்துகூட வர வேண்டியதில்லை, இருந்த இடத்திலிருந்தே அடுத்து என்ன பார்க்கலாம் என்று சொல்லிவிடுவார். முதல் வாக்கியத்தைச் சொன்னவர் வண்டியை விட்டுவிட்டு வர வேண்டும். பணமும் போகும், கற்றுக்கொள்ளும் வாய்ப்பும் போகும்.

தற்சார்பு என்றதும் யாரையும் கேட்காமல் எல்லாவற்றையும் தானே செய்வது என்று நம்மில் பலர் நினைத்துக்கொள்கிறோம். நானும் அப்படி நினைத்துத்தான் செல்ஃப் பட்டனை அழுத்தினேன். மூன்றாவது வாக்கியத்தைச் சொன்னவரும் உதவி கேட்கத்தான் செய்கிறார். ஆனால் கேட்பதற்கு முன்னால் தன்னால் முடிந்த தூரம் வரை நடந்துவிட்டார். எந்த இடத்தில் நிற்கிறோம் என்று அவருக்குத் தெரியும். பதில் கிடைத்ததும் மீதி வேலையையும் அவரே செய்வார். அடுத்த முறை இந்தக் கேள்வி அவருக்குத் தேவைப்படாது.

கல்வி உளவியலில் இதற்கு ஒரு வரலாறு உண்டு. உதவி கேட்பது பலவீனத்தின் அடையாளம், சார்ந்திருத்தலின் அடையாளம் என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. 1981-இல் ஷாரன் நெல்சன்-லீ கால் என்ற அமெரிக்க உளவியலாளர், உதவி கேட்பது குழந்தைகளின் சிக்கல் தீர்க்கும் திறன்களில் ஒன்று, அதை நாம் போதுமான அளவு ஆராயவில்லை என்று எழுதினார். அவர் உதவி கேட்பதை இரண்டாகப் பிரித்தார். வேலையையே அடுத்தவர் முடித்துத்தர வேண்டும் என்று கேட்பது ஒன்று. தானே முடிப்பதற்குத் தேவையான அளவு மட்டும் கேட்பது மற்றொன்று. முதலாவது மாணவனை அதே இடத்தில் வைத்திருக்கும், இரண்டாவது அவனை நகர்த்தும். பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதுவது முதல் வகை. “சார், இந்த மூணாவது வரியில மைனஸ் எப்படி பிளஸ் ஆச்சு?” என்று கேட்பது இரண்டாவது வகை.

1997-இல் அல்லிசன் ரயனும் பால் பின்ட்ரிச்சும் வளரிளம் பருவ மாணவர்களிடையே கணக்கு வகுப்பில் உதவி கேட்பதைப் பற்றி ஆராய்ந்தார்கள். தன் திறமையில் நம்பிக்கை குறைந்த மாணவர்கள்தான் கேள்வி கேட்பதை ஓர் ஆபத்தாகப் பார்த்துத் தவிர்க்கிறார்கள் என்பது அவர்கள் கண்டவற்றுள் ஒன்று. அதாவது யாருக்கு அதிகம் தேவையோ அவர்தான் குறைவாகக் கேட்கிறார். இதற்கு ஆராய்ச்சி வேண்டியதே இல்லை என்று கடைசி பெஞ்சைப் பார்த்திருக்கிற எந்த ஆசிரியரும் சொல்வார். ஆனாலும், ‘சந்தேகம் இருந்தா கேளுங்க’ என்று சொல்லிவிட்டு, யாரும் கேட்காததால் எல்லோருக்கும் புரிந்துவிட்டது என்று அடுத்த கணக்குக்குப் போகிறவர்களும் நாம்தான்.

தற்சார்புக்கு நம் மாநிலத்தில் சொல்லப்படும் கதைகளில் ஜி.டி. நாயுடுவின் கதைக்கு ஈடில்லை. அதுவும் ஒரு மோட்டார் சைக்கிளில்தான் தொடங்குகிறது. 1893-இல் கோவையை அடுத்த கலங்கல் கிராமத்தில் பிறந்தவர். பள்ளிப் படிப்பில் மனம் ஒட்டவில்லை. ஆங்கிலேய அதிகாரி ஒருவர் ஓட்டிவந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்தார், அது அவரைப் பிடித்துக்கொண்டது. கோவைக்குப் போய் உணவு விடுதியில் பரிமாறும் வேலை செய்து, சில ஆண்டுகள் காசு சேர்த்து, அந்த வண்டியை வாங்கினார். வாங்கியதும் ஒவ்வொரு பாகமாகக் கழற்றினார், மறுபடி பூட்டினார். பள்ளி விழாக்களில் நாம் சொல்லும் கதை பெரும்பாலும் இந்த இடத்தில் முடிந்துவிடும்: யாருடைய துணையும் இல்லாமல் தானே கற்றுக்கொண்டார் என்று.

அதற்குப் பிறகு நடந்ததையும் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து. சொந்தமாகப் பேருந்து வாங்க நினைத்தபோது அவரிடம் முழுப் பணமும் இல்லை. கோவையில் தொழில் நடத்திவந்த ஸ்டேன்ஸ் துரையின் கடனுதவி கிடைத்தது. 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அவருடைய முதல் பேருந்து ஓடியது. பின்னாளில் இந்தியாவில் செய்யப்பட்ட முதல் மின் மோட்டார்களில் ஒன்று வெளிவந்ததும் தனி ஒருவராக அல்ல, பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து உழைத்ததால்தான். கழற்றிப் பார்க்கும் துணிச்சலும் கேட்டுப் பெறும் பழக்கமும் அந்த மனிதரிடம் ஒன்றாகவே இருந்தன. முதல் பாதியை மட்டும் சொல்லி வளர்க்கிற பிள்ளைகள் கேட்பதை இழுக்கு என்று எண்ணினால் அது அவர்கள் தவறு இல்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. மெக்கானிக் கடையை ஓர் இலட்சியப் பள்ளியாக நான் காட்டுவதாக யாரும் நினைத்துவிடக் கூடாது. பல கடைகளில் உதவிக்கு வரும் பையன் முதல் ஓராண்டு டீ வாங்கிவருவான், உதிரி பாகங்களை மண்ணெண்ணெயில் கழுவுவான். கேள்வி கேட்டால் “பார்த்துக் கத்துக்கடா” என்ற பதில்தான் வரும், சில நேரம் அடியும் விழும். பதினான்கு வயதுக்குக் குறைந்தவர்களை எந்த வேலையிலும் அமர்த்தக் கூடாது என்று 2016-இல் சட்டம் திருத்தப்பட்டது. பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் கூடமாட உதவுவதற்கு, அதுவும் ஆபத்தில்லாத வேலைக்கு மட்டும், விலக்கு உண்டு. பதினெட்டு வயது வரை ஆபத்தான தொழில்களுக்குத் தடை உண்டு. திங்கட்கிழமையும் கடையிலேயே இருக்கிற பையனைப் பார்த்தால் வீட்டுக்குப் போய் அழைத்துவர வேண்டியவர்கள் நாம்.

ஜீன் லேவ், எட்டியன் வெங்கர் இருவரும் 1991-இல் எழுதிய நூலில் லைபீரியாவின் தையற்காரர்களைப் பற்றி ஒரு செய்தி வருகிறது. அங்கே பயிலுநர்கள் முதலில் துணியை வெட்டுவதில்லை. தைத்து முடித்த உடைக்கு இஸ்திரி போடுவது, பொத்தான் தைப்பது என்று வேலையின் கடைசியிலிருந்து தொடங்குகிறார்கள். முழு உடை எப்படி இருக்கும் என்பது தெரிந்த பிறகுதான் கத்தரிக்கோல் கைக்கு வரும். தவறினாலும் துணி வீணாகாத இடத்தில் பழக்குகிறார்கள். அதே நூலில் எதிர்மாறான செய்தியும் உண்டு. அமெரிக்க இறைச்சிக் கடைகளில் பயிலுநர்களைத் தேர்ந்தவர்கள் வேலை செய்யும் இடத்திலிருந்து தள்ளி வைத்திருந்ததால், பார்க்கவும் முடியவில்லை, கேட்கவும் முடியவில்லை, கற்றலும் நடக்கவில்லை. பட்டறை என்ற பெயரால் மட்டும் ஓர் இடம் நல்ல பள்ளியாகிவிடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

என் மாணவனின் மாமா கடை நல்ல வகை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சரிசெய்த என் வண்டியை எடுத்துவரப் போனபோது கொஞ்ச நேரம் உட்கார்ந்து கவனித்தேன். பையன் ஏதாவது கேட்டால் அவர் உடனே பதில் சொல்வதில்லை. “சத்தம் எப்படி வந்துச்சு? வேகம் கூடினா கூடுதா, ஒரே மாதிரி வருதா?” என்று திருப்பிக் கேட்கிறார். கழற்றிய பாகங்களைச் சாக்கின் மேல் கழற்றிய வரிசையிலேயே வைக்கச் சொல்கிறார், பூட்டும்போது வலமிருந்து இடமாக எடுத்தால் போதும். பிளக்கை மாட்டும்போது மட்டும் குரல் உயர்கிறது: “கையால மூணு சுத்து போகணும். அப்புறம்தான் ஸ்பேனர்!” பிளக் பூட்டும் இடம் அலுமினியம். கோணலாக வைத்து ஸ்பேனரால் முறுக்கினால் மரை போய்விடும், பிறகு அது பெரிய செலவு. பிரேக் வேலை செய்தால், வண்டியைத் தெருவில் இறக்கும் முன் தன்னைக் கூப்பிட்டே ஆக வேண்டும் என்பது அந்தக் கடையின் சட்டம். ஸ்டார்ட் ஆகாத வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். பிரேக் பிடிக்காத வண்டி நிற்காது. எதைத் தனியாக முயன்று பார்க்கலாம், எதைக் கேட்காமல் தொடக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல அளவுகோலை நான் எந்தப் பயிற்சி வகுப்பிலும் கேட்டதில்லை.

அவருக்கும் இப்போது கேட்க வேண்டிய நிலைதான். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்த பிறகு புதிய வண்டிகளில் பெரும்பாலும் கார்புரேட்டர் கிடையாது. எவ்வளவு பெட்ரோல் தெளிக்க வேண்டும் என்பதைச் சென்சார்களைக் கொண்டு ஒரு சிறு கணினி தீர்மானிக்கிறது. காதால் கேட்டு, ஸ்க்ரூ டிரைவரால் கால் சுற்று திருகிச் சரிசெய்த காலத்தின் அறிவு அங்கே பாதிதான் உதவும். முப்பது ஆண்டு அனுபவம் உள்ளவர், மயிலாடுதுறையில் ஸ்கேனர் வைத்திருக்கும், தன்னைவிடப் பாதி வயதுள்ள ஒருவருக்குப் போன் செய்து, “தம்பி, மஞ்ச விளக்கு இப்படி மின்னுது, என்ன பார்க்கணும்?” என்று கேட்டார். பையன் அருகில்தான் நின்றுகொண்டிருந்தான். மாமா கேட்பதை அவன் பார்த்துக்கொண்டிருந்தது எனக்கு முக்கியமாகப் பட்டது. நம் மாணவர்கள் நாம் யாரிடமாவது எதையாவது கேட்டுப் பார்த்திருக்கிறார்களா? ஹைடெக் லேபில் கணினி திறக்கவில்லை என்றால் கதவைச் சாத்திக்கொண்டு அரை மணி நேரம் போராடுகிறோமே தவிர, பத்தாம் வகுப்புப் பையனை அழைத்துக் கேட்க மனம் வருகிறதா? (எமிஸ் பதிவில் சந்தேகம் வந்தால் மட்டும் நாம் எல்லோரும் எல்லோரையும் கேட்கிறோம். அது வேறு கதை.)

கடையிலிருந்து வந்த மறு வாரம் என் வகுப்பில் ஒரு சிறு மாற்றம் செய்தேன். ‘சந்தேகம் இருக்கா?’ என்று கேட்பதை நிறுத்தினேன். கணக்கு முடியாத இடத்தில் நோட்டின் ஓரத்தில் மூன்று வரி எழுத வேண்டும்: என்ன செய்தேன், என்ன வந்தது, எந்த வரியில் நின்றேன். அதை எழுதியவர் பக்கத்தில் இருப்பவரிடமோ என்னிடமோ காட்டலாம். காட்டுபவருக்கு விடையைச் சொல்லக் கூடாது, அடுத்த வரியை மட்டும் சொல்லலாம், அல்லது ஒரு கேள்வி கேட்கலாம். நானும் கரும்பலகையில் வேண்டுமென்றே ஒரு கணக்கைப் பாதியில் நிறுத்தி, என் மூன்று வரியை எழுதிக் காட்டினேன்.

முதல் இரண்டு வாரம் இது சரியாக வரவில்லை. பாதிப் பேர் ‘ஒன்றும் புரியவில்லை’ என்று மட்டும் எழுதினார்கள், அதாவது ‘வண்டி ஓடலை, பாருங்க’. நன்றாகப் படிப்பவர்கள் பொறுமையிழந்து விடையையே சொல்லிக்கொடுத்தார்கள். மூன்று வரி எழுத நேரம் போகிறது, பாடம் பின்தங்குகிறது என்ற கவலையும் எனக்கு இருந்தது. அது இப்போதும் இருக்கிறது. எல்லாக் கணக்குக்கும் இதைச் செய்ய முடியாது, வாரத்தில் இரண்டு நாள்தான் செய்கிறேன். ஆனால் ‘ஒன்றும் புரியவில்லை’ என்ற வாக்கியம் மெல்ல மாறத் தொடங்கியது. ‘அடைப்புக்குறியை நீக்கினேன், குறி மாறுமா மாறாதா என்று தெரியவில்லை’ என்று ஒரு மாணவி எழுதினாள். அந்த ஒரு வரியைப் படித்ததும், நான் முந்தைய வாரம் எதை அவசரமாகக் கடந்துபோனேன் என்பது எனக்கே தெரிந்தது. மாணவர் தேங்கி நிற்கும் இடம் தெரிந்தால் ஆசிரியர் பேச வேண்டியது மிகவும் குறைந்துவிடுகிறது.

தொடக்கப் பள்ளியில் பணிபுரியும் என் தோழி ஒருவர் இதை எழுத்தில்லாமல் செய்கிறார். செயல்பாட்டில் நின்றுபோன குழந்தை, அதுவரை செய்ததை விரலால் தொட்டுக் காட்டிவிட்டுத்தான் அவரைக் கூப்பிட வேண்டும். தொட்டுக் காட்டிக்கொண்டே வரும்போது பாதிக் குழந்தைகள் தாமாகவே வழியைக் கண்டுபிடித்துத் திரும்பிப் போய்விடுகிறார்களாம்.

மீன் வண்டிக்காரரின் மகன் இப்போது பத்தாம் வகுப்பை முடித்திருக்கிறான். கணக்கில் பெரிய மதிப்பெண் இல்லை, தேர்ச்சி பெற்றான். ஐ.டி.ஐ.யில் மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவில் சேர்வதா, மேல்நிலையில் தொழிற்கல்விப் பிரிவு உள்ள பள்ளியைத் தேடுவதா என்று வீட்டில் பேச்சு நடந்தது. ஒரு நாள் மாலை மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்தவன் என் மேசைக்கு வந்து நின்றான். கையில் ஒரு தாள், அதில் மூன்று வரி. ஐ.டி.ஐ. இரண்டு ஆண்டு என்று விசாரித்துவிட்டேன். மாமா அதில் சேரச் சொல்கிறார். ஆனால் அதற்குப் பிறகு டிப்ளமோ படிக்க முடியுமா என்பதுதான் தெரியவில்லை.

முடியும், நேரடியாக இரண்டாம் ஆண்டிலேயே சேர வழி இருக்கிறது என்றேன். அதற்கு விண்ணப்பம் எங்கே, எப்போது என்று கேட்டான். அது எனக்குத் தெரியாது. இருவருமாக பாலிடெக்னிக்கில் வேலை பார்க்கும் என் நண்பருக்குப் போன் செய்தோம்.